4-க்கு 3 ரெடிமேட் கோழிக்கூண்டு: ஆந்தைக்குப் போதும், மரநாய்க்குப் போதாது

புறக்கடையில் பத்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களைக் குறிவைத்து விற்கப்படும் கூண்டு இது. 4 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி உயரம், ஒன்றரை அடிக் கால். இரும்புச் சட்டம், சுற்றிலும் அறுகோணக் கோழி வலை, மேலே தகரம், முன்னால் ஒரு கதவு. சட்டம் உருப்படியானது. வலையும் கொக்கியும் மாற்றாமல் அப்படியே வைத்தால் இரவுக் காவலுக்கு ஆகாது.

ஆந்தை பயத்தில் இதை வாங்குகிறவர்கள் அதிகம். ஆந்தை கூண்டைப் பிரித்துக்கொண்டு நுழைவதில்லை. முருங்கையிலும் வேம்பிலும் அடையும் கோழியைத்தான் கொம்பன் ஆந்தை, ஊர்ப் பேச்சில் கோட்டான், வந்து அடிக்கும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. கிளையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி மாட்டிக்கொள்ளும். தலையும் கழுத்தும் மட்டும் போய் உடல் கிடந்தால் ஆந்தை மேல் சந்தேகப்படலாம். மேலே மூடிய எந்தக் கூண்டும் அதற்குப் போதும், இந்தத் தகரக் கூரையும் போதும். வெள்ளை முகக் கூகையைப் பார்த்துப் பதற வேண்டியதே இல்லை. அது எலி பிடிக்க வருகிறது, வரட்டும்.

கூண்டுக்கு உண்மையான சோதனை மரநாய். ஏறும், கடிக்கும், இடுக்கு எங்கே என்று இரவு முழுக்கத் தேடும். இந்தக் கூண்டோடு வரும் வலை பெரும்பாலும் 20 அல்லது 22 கேஜ், அதாவது 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கம்பி. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும், கடையில் பலர் தலைகீழாக நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அறுகோண வலை முறுக்கிப் பின்னியது. ஒரு கம்பி அறுந்தால் அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்து ஓட்டை பெரிதாகும். எச்சம் படும் கீழ்வரிசைதான் முதலில் துருப்பிடிக்கும், மரநாயின் வாய்க்கு எட்டுவதும் அதே வரிசை. கோழி வெளியே ஓடாமல் இருக்க இந்த வலை சரி. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க இது செய்யப்பட்டதல்ல.

மேலே போர்த்திக் கட்ட வேண்டியது அரை அங்குலக் கண்ணுள்ள ஜிஐ வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை), 19 கேஜ் அல்லது அதைவிடத் தடித்தது. ஒரு அங்குலக் கண் மரநாயைத் தடுக்கும், ஆனால் பாம்பை விட்டுவிடும். மெலிந்த பாம்பு உள்ளே போய்க் குஞ்சை விழுங்கி, வயிறு பெருத்து வெளியே வர முடியாமல் கூண்டிலேயே கிடக்கும். காலையில் முட்டை எடுக்கக் கை விடுகிறவருக்கு அது எத்தனை ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு துண்டைக் குறட்டால் முறுக்கிப் பாருங்கள், பற்றவைப்பு பட்டென்று விட்டால் அந்தச் சுருள் வேண்டாம்.

அளவு: நான்கு பக்கமும் சேர்த்து 14 அடி, ஒன்றன்மேல் ஒன்று மடிய 1 அடி. ஆகவே 4 அடி அகல மெஷ் 15 அடி. தரைக்கு இன்னொரு 3 அடி. பழைய வலையைப் பிரிக்க வேண்டாம், அதன் மேலேயே வெளிப்பக்கமாகப் போர்த்தி, 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு ஜிஐ கம்பியால் முறுக்குங்கள். கட்டடத்துக்குப் பயன்படும் கறுப்புக் கட்டுக்கம்பி மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். கூரைத் தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுக்கென்று விட்ட இடைவெளியை மறக்காதீர்கள். அங்கேயும் மெஷ் வேண்டும். தார்ப்பாய் போட்டு அடைத்தால் எச்சத்தின் காட்டம் உள்ளே தங்கி, கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெடும்.

கதவில் வருவது ஒரு வளைவுக் கொக்கி. மூக்கால் தூக்கினாலே கழன்றுவிடும். கிரில் பட்டறையில் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் வைக்கச் சொல்லுங்கள், ஒன்றிலாவது பூட்டோ வளையமோ மாட்டுங்கள். கதவின் கீழ்மூலையை இழுத்துப் பார்த்து, விரல் நுழையும் அளவு விலகினால் அங்கே ஒரு பட்டைக் கம்பி பற்றவைக்க வேண்டும்.

“20 கோழி அடையும்” என்று விற்பனையில் சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளே கோழி ஏறி அடைய 4 அடிப் பரண் கம்பி இரண்டு. ஒரு கோழிக்கு 9 அங்குலம் என்றால் பத்துதான். அதற்கு மேல் அடைத்தால் மிச்சக் கோழிகள் வலையோரம் ஒண்டிப் படுக்கும். பூனை வலைக்கண் வழியாக நகத்தை விட்டுக் காலை இழுப்பதும், பெருச்சாளி அடியிலிருந்து விரலைக் கடிப்பதும் அப்படித்தான் நடக்கிறது. பரண் பக்கவலையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

சில கடைகளில் கூண்டோடு சேர்த்துத் தரும் சோலார் சிவப்பு மின்விளக்கைத் தனியாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஒரே இடத்தில் மின்னுவது மரநாய்க்குச் சீக்கிரம் பழகிவிடும். பிளாஸ்டிக் ஆந்தை பொம்மை இரவு விலங்கை விரட்டுவதில்லை.

குஞ்சுகளோடு இருக்கும் அடைகோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மேலே கல் வைக்கும் வழக்கம் பகலுக்கு நல்லது. இரவில் அந்தப் பஞ்சாரத்தையே கூண்டுக்குள் வையுங்கள். தீவனத்தட்டைப் பொழுது சாயும் முன்பே எடுத்துவிட வேண்டும். சிந்திய தீவனத்துக்கு எலி, எலிக்குப் பாம்பு என்று வரிசையாக வரும். அந்த எலிக்கு விஷம் வைத்தால், அதைத் தின்னும் கூகையும் சாகும். ஆந்தையும் மரநாயும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பொறி, விஷம் எதற்கும் இடமில்லை.

பட்டறை பக்கத்தில் இருப்பவர்கள் இதே அளவில் சட்டம் மட்டும் அடிக்கச் சொல்லி, மெஷ்ஷைத் தனியாக வாங்குவது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தாழ்ப்பாளை இன்றே மாற்றுங்கள், மெஷ்ஷை இந்த வாரத்துக்குள் கட்டுங்கள்.