இரும்பு செலினைடு என்ற மீக்கடத்தியை (குளிரில் மின்தடை இழக்கும் பொருளை) அழுத்தி ஆராய, அதைச் சுற்றி ஊற்ற எந்தத் திரவம்? சிலிகான் எண்ணெயா, ஆல்கஹால் கலவையா?

ராயபுரம், காசிமேடு பக்கம் ஆய்வகம் என்றால் முதல் எதிரி ஈரக்காற்று. இரும்பு செலினைடு படிகத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

வைர அழுத்தக் கலத்தில் (இரு வைரங்களுக்கு நடுவே படிகத்தை நெருக்கும் கருவியில்) சிலிகான் எண்ணெய் ஊற்றினால் ஆவியாகாது, நிதானமாக மூடலாம். ஆனால் சில ஜிகாபாஸ்கலிலேயே (ஒரு ஜிகாபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) இறுகிவிடும். படிகம் ஒரு பக்கமாக நசுங்கி, எக்ஸ் கதிர்க் கோடுகள் அகன்று, அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின்) அளவே தப்பாக வரும்.

மெத்தனால், எத்தனால் 4:1 கலவை அறை வெப்பநிலையில் சுமார் 10 ஜிகாபாஸ்கல் வரை இறுகாமல் தாங்கும். இரும்பு செலினைடின் மீக்கடத்து வெப்பநிலை (மின்தடை மறையும் வெப்பநிலை) அழுத்தத்தால் 8 கெல்வினிலிருந்து சுமார் 37 வரை ஏறுவது இந்த எல்லைக்குள்தான். ஆகவே என் ஓட்டு இதற்கே. தொல்லை, நொடியில் ஆவியாகிக் குமிழி விடும். அதைத் தடுக்கக் கலத்தைக் குளிர்வித்தால் நம்ம ஊர் ஈரத்துக்கு வைரத்தில் நீர் படியும். உலர் நைட்ரஜன் பைக்குள் செய்யுங்கள்.

எதை ஊற்றினாலும் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என அழுத்தத்தை அளக்க இரு மாணிக்கத் துகள்கள் போடுங்கள். லேசர் பட்டால் மாணிக்கம் விடும் ஒளியின் கோடு ஜிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் நகரும். இரண்டும் வேறு வேறு அழுத்தம் காட்டினால் திரவம் இறுகிவிட்டது.