நீலகிரி நிலம்: கட்டடத்துக்கு வரம்பா, வாகனத்துக்கு வரம்பா, விவசாயிக்கு வருமானமா?

நீலகிரியில் உழவு, காடு, சுற்றுலா ஆகிய மூன்றும் ஒரே மலைச்சரிவுக்காகப் போட்டியிடுகின்றன. இதை ஒழுங்குபடுத்த மூன்று வழிகள் உள்ளன: கட்டடங்களுக்கு வரம்பு வைப்பது, மேலே ஏறும் வாகனங்களுக்கு வரம்பு வைப்பது, நிலத்தை விற்காமல் பயிரிடுபவருக்கு வருமானத்தை உறுதிசெய்வது. முதல் இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் கோரிக்கை மனுக்களோடு நின்றுவிடுகிறது.

மூன்றில் மூத்தது கட்டடக் கட்டுப்பாடு. 1990இல், மலைப்பகுதிக் கட்டட அனுமதிகளை ஆராயும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டின் மலைநகரக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்தின. மண் வெட்டப்படும் முன்பே கேள்வி கேட்கும் ஒரே வழி இதுதான் என்பதால் இதன் மதிப்பு பெரிது. 2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட மண் சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் அறிந்தவர்கள், இங்கே சரிவை வெட்டுவதற்கு அனுமதி எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ஆனால் உயர வரம்பு கட்டடங்களைக் குட்டையாக்குமே தவிர, அவை தேயிலைத் தோட்டங்களுக்குள் காட்டேஜ்களாகச் சிதறிப் பரவுவதைத் தானாகத் தடுக்காது. மேலும், ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) தன் வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்க நினைக்கும் விவசாயியும், சமவெளியிலிருந்து வந்து ரிசார்ட் கட்டுபவரும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பின் செலவைத் தாங்க முடிந்தவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வழியான இ-பாஸ், அதாவது வெளியூர் வாகனங்கள் மலையேறும் முன் இணையத்தில் பெற வேண்டிய அனுமதிச் சீட்டு, இதைவிட எளிமையானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக் காலத்துக்கு நீலகிரியில் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு என்பதால் உழவைப் பெரிதாகத் தொடாமல் நெரிசலைக் குறைக்கும். ஆனால் இது கட்டுப்படுத்துவது சாலையைத்தான், நிலத்தை அல்ல. இன்று குறைவாக வரும் வாகனங்களால் நாளை ஒரு மனை விற்பனை நின்றுவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மூன்றாவது வழியில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். சிறு விவசாயி நிலத்தை விற்கக் காரணம் ஆசையாகவும் இருக்கலாம். ஆனால் பசுந்தேயிலை விலை பறிகூலிக்கும் உரத்துக்கும் கட்டாதபோது, மனைக்குக் கிடைக்கும் விலைக்கு முன்னால் எந்த விதியும் வலுவிழந்துவிடுகிறது. 2023இல் படுகர் இன விவசாயிகள் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தது வெறும் விலைப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது; அது நிலப் பயன்பாட்டுப் பிரச்சினையும்தான். சுவிட்சர்லாந்து இதை நேரடியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது: செங்குத்தான சரிவில் பயிரிடுவதற்கும், 2014 முதல் நிலக்காட்சியைப் பேணுவதற்கும் விவசாயிகளுக்குத் தனியாகப் பணம் தருகிறது. அதே நாட்டு மக்கள் 2012இல் வாக்களித்து, ஊராட்சிக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாம் வீடுகள் கூடாது என்றும் கட்டுப்படுத்தினார்கள். தடையும் வருமானமும் அங்கே சேர்ந்தே இயங்குகின்றன.

ஆனால் இந்த வழிக்கும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. உழவு என்றாலே மலைக்கு நல்லது என்று கொள்ள முடியாது. செங்குத்தான சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு ஆண்டுக்குப் பல முறை மண்ணைக் கிளறினால் மேல்மண் மழையோடு ஓடைக்குப் போகும். தேயிலை மண்ணைப் பிடித்து வைத்தாலும், மலையின் இயற்கையான சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் அது ஈடாகாது. எனவே பணம் பயிருக்கு அல்ல, பராமரிப்புக்குத் தரப்பட வேண்டும்: படிக்கட்டு வரப்பு, ஓடைக்கரையில் வெட்டாமல் விடப்படும் செடிகொடிகள், சரிவில் மாற்றப்படாத நிலப் பயன்பாடு ஆகியவற்றைப் புல எண் வாரியாகச் சரிபார்த்துத் தர வேண்டும். இத்தாலியின் தென் டைரோலில் பண்ணை நிலத்தைப் பிரிக்காமல் ஒரே வாரிசுக்குத் தரும் சட்ட மரபு இருப்பதால், பண்ணைவீட்டு விருந்தினர் அறை அந்தப் பண்ணையின் துணை வருமானமாகவே நிற்கிறது. இங்கே பட்டாக்கள் ஏற்கெனவே சிறு துண்டுகளாக உடைந்திருப்பதால் அந்தச் சட்டத்தை அப்படியே கொண்டுவர முடியாது. தங்கும் விடுதி அனுமதியைப் பயிரிடும் குடும்பத்துக்கு முன்னுரிமையாகத் தருவது வேண்டுமானால் முடியும்.

நீலகிரியின் வடக்கே முதுமலையை ஒட்டியுள்ள சீகூர் பீடபூமி இந்த ஒப்பீட்டிலிருந்து விலகி நிற்கிறது. யானை வழித்தடம் பற்றிய 2010 அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்த பிறகு, அங்கே கட்டடத்தையும் வாகனத்தையும் எடைபோடும் பேச்சுக்கு இடமில்லை. இழப்பீடு மட்டுமே மீதம்.

மற்ற இடங்களில், கட்டட அனுமதியைத் தளர்த்தாமல் வைத்துக்கொண்டு, பராமரிப்புப் பணத்தை முதலில் கோத்தகிரி, குன்னூர் வட்டங்களின் சிறு தேயிலை விவசாயிகளுக்குத் தொடங்குவதே என் தேர்வு. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் உறுப்பினர் பட்டியல் ஏற்கெனவே இருப்பதால் யாருக்குத் தருவது என்ற முதல் சிக்கல் அங்கே பாதி தீர்ந்திருக்கிறது. இ-பாஸ் கட்டணமற்றதாகவே இருக்கிறது. பணத்துக்கு வழி எது என்று கேட்பவர்கள் அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.