சிம்சிட்டி (2013): யானைப் பசிக்குச் சோளப்பொரி

நாமே ஓர் ஊரைக் கட்டி நடத்தும் கணினி கேம் இது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் சர்வரைத்தான் திட்டுகிறார்கள், ஏனென்றால் தொடக்கத்தில் இணையத்தில் சர்வரோடு இணைந்தால்தான் ஆட முடியும். திட்டவும் வேண்டும். 2013 மார்ச்சில் வெளிவந்த வாரத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் காத்துக் கிடந்தார்கள். சர்வர் சுமையைக் குறைக்க, கேமின் நேரத்தை விரைவாக ஓட்டும் ‘சீட்டா’ எனும் அதிவேக வசதியையே வெளியீட்டு நிறுவனமான ஈஏ நிறுத்தி வைத்தது. ஆனால் 2014 மார்ச்சில், பத்தாவது அப்டேட்டில், இணையம் இல்லாமல் ஆடும் வசதி வந்துவிட்டது. அந்தப் புண் ஆறியாயிற்று. ஆறாத கோளாறு வேறு.

முதலில் இடம். 2003-ல் வந்த சிம்சிட்டி 4-ல் பெரிய ஊர் ஒன்று 4 கிலோமீட்டருக்கு 4. இங்கே 2-க்கு 2, அதாவது கால்வாசிப் பரப்பு. சில மணி நேரத்தில் எல்லைக்கோடு வரை நிரம்பிவிடும். அப்புறம் ஒன்றை இடித்தால்தான் இன்னொன்று. பக்கத்து ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே வெறும் நிலம் பரந்து கிடக்கும், ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. பெரிய வரைபடம் கொடுத்தால் கணினிகள் தாங்காது என்று 2013 அக்டோபரில் கேமை உருவாக்கிய மேக்ஸிஸ் கைவிரித்துவிட்டது.

ஏன் தாங்காது? கேமை இயக்கும் கிளாஸ்பாக்ஸ் எஞ்சின் எனும் மென்பொருள்தான் காரணம். ஆள், கார், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என எல்லாமே சாலையில் ஓடும் தனித்தனி ஏஜென்ட், அதாவது தானாக இலக்கைத் தேடிப் போகும் சிறு அலகு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்குச் சொந்த வீடு இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. காலையில் கிளம்பி, காலியாக இருக்கும் முதல் வேலையில் சேர்வார். மாலையில் காலியாக உள்ள ஏதோ ஒரு வீட்டில் நுழைந்துகொள்வார். எல்லோரும் அருகில் உள்ள ஒரே இடத்துக்குப் பாய்வதால், ஒரு தெரு நெரிந்து சாகும், அடுத்த தெரு ஈயாடும். வெளிவந்தபோது வண்டிகள் நெரிசலைக் கணக்கில் எடுக்காமல் குறுக்கு வழியையே பிடித்தன. அப்போது இரண்டு வீடு எரிந்தால் எல்லாத் தீயணைப்பு வண்டியும் ஒரே வீட்டுக்குப் போயின! சந்திப்புகள் கூடக்கூட மின்சாரமும் தண்ணீரும் வழிதவறிச் சுற்றும். கடைக்கோடி வீடுகள் தவிக்கும்.

இதைவிட எரிச்சல், மக்கள்தொகைக் கணக்கு. 500 பேர் வரை திரையில் காட்டுவது உண்மை. அதைத் தாண்டியதும் எண்ணை ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. கேமின் கோப்புகளைத் தோண்டிய ஆட்டக்காரர்கள்தான் இதை வெளியே கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போகிறவர் எண்ணிக்கையை ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கணக்கு உதைப்பது இதனால்தான். கடை, தொழிற்சாலை எதுவும் இல்லாமல் வெறும் வீடுகளாலேயே ஊரை வளர்த்துக் காட்டியவர்களும் உண்டு. அப்புறம் இதில் திட்டமிட என்ன இருக்கிறது?

வளைந்த சாலைகள் அருமை. காவல் நிலையத்துக்கும் பள்ளிக்கும் துண்டு துண்டாக இணைப்புக் கட்டிக்கொள்வது இந்தத் தொடரிலேயே நல்ல யோசனை. தகவல் வரைபடங்களைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. பொம்மையாக முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: முதுகெலும்புச் சாலையை முதல் நாளே அவென்யூவாக, அதாவது அகலமான சாலையாகப் போடுங்கள். சாதாரணத் தெருவில் அடர்த்தியை, அதாவது ஓரத்தில் எவ்வளவு பெரிய கட்டடங்கள் எழலாம் என்பதை மட்டுமே உயர்த்த முடியும். அவென்யூவாக மாற்ற இடித்தே ஆகவேண்டும். நெடுஞ்சாலை நுழைவாயிலை ஒட்டிச் சந்திப்பு வைக்காதீர்கள். நிலத்தடி நீர் வற்றினால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீரேற்று நிலையத்தைக் கட்டுங்கள். சுத்தமாகி நிலத்தில் இறங்கும் தண்ணீரே திரும்பத் திரும்பக் கிடைக்கும். வெறும் கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் மட்டும் கட்டிவிடாதீர்கள், ஊரே நோயில் படுத்துவிடும்.

இன்னும் வாங்காதவர்கள் 2015-ல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸைப் பாருங்கள். அதுவும் ஊர் கட்டும் கேம்தான். அதில் ஒரு கட்டமே 1.92-க்கு 1.92 கிலோமீட்டர், அப்படி ஒன்பது கட்டம் வரை வாங்கி ஊரை விரிக்கலாம்.