மறுதேர்வுக் கடிதம் வந்தபோது கைகொடுத்த சட்டத் துணைத் திட்டம்

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கான சட்டத் துணைத் திட்டம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டி வந்த எனக்கு, சென்ற ஆண்டுதான் அதன் உதவி தேவைப்பட்டது. இடப்புறமிருந்து காற்று பலமாக வீசிய ஒரு மாலையில் தரையிறங்கியபோது, என் செஸ்னா 172 சிறு விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, ஓர விளக்கொன்றை உடைத்துவிட்டுப் புல்தரையில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. சில வாரங்களில், விமானியின் திறமையை மீண்டும் சோதிக்க இடமளிக்கும் 44709ஆம் சட்டப்பிரிவின்கீழ் மறுதேர்வுக்கு வருமாறு, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடமிருந்து பதிவுத் தபால் வந்தது.

தவறு காற்றினுடையது என்று வாதாடவே நான் விரும்பினேன். திட்டத்தின் வழக்கறிஞர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தில் மேல்முறையீடு செய்தாலும் எனக்குத் திறமை இல்லை என்று எஃப்.ஏ.ஏ. நிரூபிக்க வேண்டியதில்லை என்றும், திறமைக் குறைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என ஐயுற நியாயமான அடிப்படை இருந்தாலே போதும் என்றும் விளக்கினார். தேர்வை மறுத்தால் அவசர ஆணையால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். அதை எதிர்த்து முறையிட 10 நாள்தான். உரிமத் தேர்வை நடத்த எஃப்.ஏ.ஏ. நியமித்த தேர்வாளரின் பிழைக்காக என்னை அழைத்திருந்தால் கதையே வேறு, ஏனெனில் அத்தகைய மறுதேர்வுகளுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது என்றார். வெல்ல முடியாத வழக்கை நடத்தவிடாமல் தடுத்த அந்த ஒரு உரையாடலுக்கே கட்டிய சந்தா முழுவதும் தகும்.

அதன்பின் அவர் எழுதிய கடிதத்தால், பக்கவாட்டுக் காற்றில் மேலெழுவதும் தரையிறங்குவதும் மட்டுமே தேர்வில் இடம்பெறும் என்பது எழுத்தில் உறுதியானது. பயிற்சிக்கு அவகாசமும் கிடைத்தது. சக்கரம் தரையைத் தொட்டதுமே விமானத்தை இயக்கும் கைப்பிடியை நேராக்கிவிடும் என் பழக்கத்தைப் பயிற்றுநர் முதல் நாளே கண்டுபிடித்தார். விமானம் முழுவதுமாக நிற்கும்வரை அதைக் காற்றின் பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். தேர்வு நாளில் இடச் சக்கரம் முதலில் மெல்லத் தொட்டது; கை அசையவில்லை. தேறினேன்.

குறைகளும் உண்டு. என் முதல் அழைப்புக்குப் பதில் வர நான்கு நாள் ஆனது, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அது மிக நீண்ட காலம். பயிற்றுநர் கட்டணத்தையும் விமான வாடகையையும் திட்டம் ஏற்பதில்லை. சம்பவம் நடந்தபின் சேர்ந்தால் அந்தச் சம்பவத்துக்கு உதவி கிடையாது என்பதால், சேர நினைப்பவர்கள் அடுத்த பறத்தலுக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.