மாணவர் குறும்பட அரங்க அமைப்புக்கு ப்ளெண்டர்: ஒரு மதிப்புரை

மாணவர் குறும்படங்களில் பணம் பெரும்பாலும் வீணாவது, கேமராவின் பார்வைக்குள் வராத சுவருக்குப் பெயின்ட் அடிப்பதிலும் ஃப்ரேமுக்கு வெளியே நிற்கும் அலமாரியை நிரப்புவதிலும்தான். எதைக் கட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே காட்டித் தருவதாலேயே, 2002 முதல் திறமூல மென்பொருளாகக் கட்டணமின்றிக் கிடைக்கும், கணினியில் முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கும் ப்ளெண்டரைக் கலை இயக்கப் பொறுப்பேற்கும் மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். அனிமேஷன் செய்பவர்களுக்கு உரியது என்று எண்ணி இதைப் பலர் தொடுவதே இல்லை.

இதன் பெரிய பலம், மென்பொருளுக்குள் இருக்கும் மெய்நிகர் கேமராதான். சென்சாரின் (கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் பகுதி) அகலத்தையும் லென்ஸின் குவியத் தூரத்தையும் (50 மி.மீ. லென்ஸ் என்று சொல்லும்போது குறிக்கப்படும் அளவு) மில்லிமீட்டரில் கொடுத்துவிட்டால், உண்மையான கேமரா எவ்வளவு பரப்பைப் பார்க்குமோ அதே பரப்பைத் திரையில் காணலாம். 23.5 மி.மீ. அகலமுள்ள, ஏபிஎஸ்-சி எனப்படும் அளவிலான சென்சாரில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 3 மீட்டர் சுவர் முழுவதையும் எடுக்க வேண்டுமானால், கேமரா ஏறத்தாழ 6.4 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். 4 மீட்டர் நீள அறையில் அதற்கு வழியே இல்லை. 24 மி.மீ. லென்ஸுக்கு 3 மீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம் போதும் என்றாலும், கேமராவைச் சிறிது திருப்பினாலே பக்கச் சுவர்களும் ஃப்ரேமுக்குள் வந்து, நிரப்ப வேண்டிய இடம் கூடிவிடும். லென்ஸைத் தேர்ந்தெடுப்பதே செட்டின் செலவையும் தீர்மானிக்கிறது என்பதை ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் ஒரே திரையின் முன் அமர்ந்து பார்ப்பது, எத்தனை விவாதங்களாலும் கிடைக்காத தெளிவைத் தரும்.

லென்ஸ் துளையின் அளவைக் கொடுத்துக் குவிய ஆழத்தையும், அதாவது எவ்வளவு தூரம் வரை காட்சி கூர்மையாகத் தெரியும் என்பதையும், சோதிக்கலாம். நடிகருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருக்கும் புத்தக அடுக்கு எஃப் 1.8-இல் (அகலத் திறந்த துளை) வெறும் வண்ணப் பட்டைகளாகக் கரையுமானால் அட்டைப்பெட்டிகளுக்குத் தாள் ஒட்டி வைத்தாலே போதும். எஃப் 8-இல் (குறுகிய துளை) புத்தக முதுகில் உள்ள எழுத்துகள் படிக்கும்படி தெரியுமானால் உண்மையான புத்தகங்களே தேவைப்படும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுக்கும் காட்சிகளுக்கு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் ஆகியவற்றைக் கொண்டு சூரியனின் இடத்தைக் கணக்கிடும் துணைநிரலும் உண்டு. அறையின் வடக்குத் திசையை மட்டும் சரியாகக் குறித்துவிட வேண்டும்.

ஆனால் பொருட்களின் கணக்கை இது பார்த்துக்கொள்ளாது. காட்சிவாரியாகப் பொருட்களைத் தொகுத்து, வேண்டாதவற்றை மறைத்து வைக்கலாம், அவ்வளவுதான். ஒரு கண்ணாடிக் குவளை உடையும் காட்சிக்கு ஒவ்வொரு டேக்கிற்கும் ஒன்று வீதம் அதே போன்ற குவளைகள் வேண்டும் என்பதையோ, முந்தைய ஷாட்டில் பாதியளவு இருந்த தண்ணீர் அடுத்த ஷாட்டிலும் பாதியாகவே இருக்க வேண்டும் என்பதையோ எந்த முப்பரிமாண மாதிரியும் நினைவூட்டாது. காட்சி எண், பொருள், அதைக் கையாளும் கதாபாத்திரம், எங்கிருந்து பெறுவது, எத்தனை பிரதிகள், யாரிடம் திருப்பித் தருவது என்ற பத்திகளுடன் ஒரு விரிதாளைத் திரைக்கதையிலிருந்து முதலில் தயாரித்துக்கொண்டு, அதன் பிறகே ப்ளெண்டரைத் திறப்பது நல்லது.

வண்ணத்திலும் திரையை நம்ப முடியாது. வெள்ளைச் சுவர் விளக்கொளியைத் திருப்பியடித்து நடிகரின் முகத்தைவிடப் பிரகாசமாகத் தெரியக்கூடும். ஒரு பலகையில் அதே பெயின்டை அடித்து, படப்பிடிப்புக்கான கேமராவிலேயே எடுத்துப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

கற்றுக்கொள்வது கடினம் என்ற குறை முழுக்கப் பொய்யல்ல. முதல் பார்வையில் பொத்தான்களின் கூட்டம் மிரட்டவே செய்யும். இந்த வேலைக்குத் தேவைப்படுவதோ, சரியான அளவில் பெட்டிகளை வைக்கவும் நகர்த்தவும் திருப்பவும் தெரிவது மட்டுமே. நாற்காலியின் கால் வளைவைச் செதுக்க உட்கார்ந்தால் திட்டமிடுதல் அங்கேயே நின்றுவிடும். இருக்கும் அறையை இருந்தபடியே படமாக்கும் குழுவுக்கு அளவு நாடாவும் காகித வரைபடமும் போதும். தட்டியால் சுவர் எழுப்புகிறவர்களும் கேமராவை நகர்த்தி எடுக்கிறவர்களும் ஒவ்வொரு ஷாட்டின் கேமராப் பார்வையையும் மேலிருந்து பார்க்கும் தளவரைபடத்தையும் அச்சிட்டு, செட் அமைப்பவர்களின் கையில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.