பத்தடி போர்டிகோவுக்கு எந்த லிஃப்ட்? வேலூர் வீடுகளுக்கான ஒரு கணக்கு

காரைத் தூக்கி நிறுத்தி அடியில் வேலை பார்க்க உதவும் கார் லிஃப்டை விற்பவர் முதலில் சொல்வது "நாலு டன் தாங்கும் சார்" என்பது. வீட்டுக்கு அது கடைசிக் கேள்வி. ஸ்விஃப்ட் ஒரு டன்கூட இல்லை. இன்னோவா கிரிஸ்டாவே சுமார் 1.8 டன்தான். முதலில் அளக்க வேண்டியது உங்கள் கூரை, அடுத்தது தரை. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் கட்டிய வீடுகளில் போர்டிகோ உயரம் பெரும்பாலும் பத்தடி, அதாவது 3,050 மி.மீ. நடுவில் பீம் ஓடினால் இன்னும் முக்கால் அடி போச்சு.

பட்டறைகளில் நிற்கும் இரட்டைத் தூண் லிஃப்டில் இரண்டு வகை. மேலே குறுக்குக் கம்பி ஓடும் வகைக்குப் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் வேண்டும். போர்டிகோவில் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கீழே தகடு போட்ட வகை சுமார் 2.8 மீட்டர், உள்ளே நுழைந்துவிடும். ஆனால் கார் ஏறாது. ஸ்விஃப்டின் உயரம் சுமார் 1,530 மி.மீ.; கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டால் 1.3 மீட்டர்தான் தூக்கலாம். கிரிஸ்டா என்றால் ஒரு மீட்டரோடு சரி. ஆறடி தூக்கும் மெஷினுக்குக் காசு கொடுத்துவிட்டு, கீழே குனிந்தே வேலை பார்க்க வேண்டும். இந்த வகையில் மேலே முட்டுவதற்கு முன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் வழக்கமாக இருக்காது. பட்டனில் கை வைத்தவர் ஒரு நொடி அசந்தால் காரின் மண்டை நசுங்கும்.

உயரத்தைவிடத் தரைதான் பெரிய சிக்கல். காரின் பாரம் லிஃப்டின் கைகளின் வழியாக உள்பக்கம் தொங்குவதால் தூண் உள்ளே சாயப் பார்க்கும். வெளிப்பக்க ஆங்கர் போல்ட்கள் மேல்நோக்கி இழுபடும். அந்த இழுவையைத் தாங்குவது கான்கிரீட். இதற்கு எம்25 தரக் கான்கிரீட் கேட்கிறார்கள் (எம்-க்குப் பின்னால் வரும் எண் கூடினால் வலிமை கூடும்). நம் ஊர் தரைக்குக் கொத்தனார் போடுவது மண் நிரப்பி அதன் மேல் நாலு அங்குலம் 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி), அதுவும் பெரிய ஜல்லி. அது எம்7.5 தரம். பழைய வீடு என்றால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்கூட இருக்கலாம். சந்தேகம் இருந்தால் தூண் வரும் இடத்தில் பத்து மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி நிதானமாக வந்தால் கான்கிரீட். சிவப்பாக வந்தால் அதோடு நிறுத்துங்கள். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிவிளிம்பில் மாட்டி இழுத்தால் தளத்தின் தடிமனும் தெரிந்துவிடும்.

ஓட்டை போடும் முன் ஒன்று: சம்ப் எங்கே? பாலாறு மணலாய்க் கிடக்கும் ஊரில் சம்ப் இல்லாத வீடு அபூர்வம், அதுவும் போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும். அதன் மூடித்தளம் சக்கரம் ஏறி இறங்கப் போட்டது, போல்ட்டைப் பிடித்து நிற்க அல்ல. செப்டிக் டேங்க்குக்கும் இதே விதி. காம்பவுண்டு சுவரை ஒட்டித் தூணை நிறுத்தினாலும் வம்புதான். தளத்தின் விளிம்பிலிருந்து போல்ட்டுக்கு ஆறு அங்குலமாவது வேண்டும்.

இரட்டைத் தூண்தான் வேண்டும் என்றால் பின்பக்கம் பதிமூன்று அடி உயரத்தில் ஷீட் கொட்டகை போடுங்கள். தரையை 13 அடிக்கு 5 அடி, எட்டு அங்குலக் கனத்தில், கம்பி கட்டி ஒரே துண்டாக எம்25-ல் போட்டால் 43 கன அடி கான்கிரீட். கம்பி கட்டும்போதே போல்ட் வரும் இடத்தைக் குறித்து விலக்கிக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டிரில் கம்பியில் மோதி நிற்கும். 28 நாள் ஆன பிறகே துளை. துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுக்காமல் போல்ட்டை அடித்தால் பிடிக்காது. டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) போட்டும் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தளம் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தத் துளையில் சிமெண்ட் அடைத்து மறுபடி முடுக்குவது ஏமாற்று வேலை. தூணின் அடித்தகட்டுக்குக் கீழே டைல்ஸ் இருக்கக் கூடாது, வெட்டி எடுத்துவிட வேண்டும்.

பத்தடி போர்டிகோவுக்கு எங்கள் ஓட்டு கத்தரிக்கோல் போல விரிந்து சுமார் ஒரு மீட்டர் தூக்கும் கத்தரி லிஃப்டுக்கு. ஸ்விஃப்ட் ஏறினாலும் 2.53 மீட்டர்தான். சக்கரம் நாலும் தொங்கும் என்பதால் பிரேக், சஸ்பென்ஷன், டயர் வேலை எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தே பார்க்கலாம். குறையும் உண்டு: காரின் நடு வயிற்றை லிஃப்டே மறைத்துக்கொள்ளும். கியர்பாக்ஸ் இறக்க, சைலன்சர் மாற்ற இது உதவாது. போர்டிகோ தரை மழைத்தண்ணி ஓட கேட் பக்கம் சரிந்திருக்கும். பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவு இருந்தாலும் சமன் செய்யாமல் ஏற்றாதீர்கள். லிஃப்டுக்கும் காருக்கும் இடையே வைக்கும் ரப்பர் கட்டையை, காரில் ஜாக்கி வைக்கக் குறித்திருக்கும் இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தால் கதவுக்குக் கீழே உள்ள தகடு மடங்கும்.

நாலு தூண் லிஃப்ட் கார் மேல் கார் நிறுத்தத்தான். இரண்டு ஸ்விஃப்ட், நடுவில் 150 மி.மீ. தகடு, கொஞ்சம் இடைவெளி: 3.3 மீட்டர். பத்தடியில் கணக்கு முடிந்தது. காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பழைய பாணிப் பள்ளம் மலிவுதான். ஆனால் பெட்ரோல் ஆவி, எல்பிஜி இரண்டும் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும். ஐப்பசி மழைக்குத் தண்ணியும் தங்கும்.

கரண்ட்டுக்கு 2.2 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் போதும். தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், சி வகை எம்சிபி (மோட்டார் கிளம்பும்போது வரும் அதிகக் கரண்டைத் தாங்கும் டிரிப் சுவிட்ச்). ஏசி பாயிண்டில் மாட்டினால் கோடைச் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் உறுமும், தூக்காது. ஆயிலுக்கு, தயாரிப்பாளர் தடை சொல்லாத பட்சத்தில், இங்கத்திய வெயிலுக்கு விஜி 32-ஐ விடக் கெட்டியான விஜி 46 நல்லது.

பட்டறை மூடுகிறார்கள் என்று பழைய லிஃப்ட் மலிவாக வந்தால், காலியாக ஏற்றிக் காதால் கேளுங்கள். இரண்டு தூணிலும் கார் கீழே விழாமல் தடுக்கும் லாக் ஒரே நேரத்தில் "டக்" என்று விழ வேண்டும். ஒன்று முந்தினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அது முறுக்கினால் சரியாகும். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளையே மாற்ற வேண்டும். லாக் பல்லின் முனை மழுங்கியிருந்தாலோ, சிலிண்டர் ராடில் துருப் புள்ளி இருந்தாலோ என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ரப்பர் பேட் தேய்ந்திருந்தால் கவலையில்லை, புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.