பந்தை எடுத்து வராத நாய்: ‘ஹாச்சி’ திரைப்படம் குறித்து

நாய்களைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை, நாயை வேடிக்கை காட்ட வைத்தோ, அதற்கு மனிதக் குரல் கொடுத்துப் பேச வைத்தோ பார்வையாளரின் மனத்தை எளிதாகப் பிடித்துவிடுகின்றன. லாசே ஹால்ஸ்ட்ரோம் இயக்கத்தில் 2009இல் வெளிவந்த ‘ஹாச்சி: எ டாக்ஸ் டேல்’ அந்த இரண்டு வழிகளையும் நாடாமல், ஒரு நாய் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து உட்காருவதை மட்டும் பொறுமையாகக் காட்டுகிறது. அந்தப் பொறுமைக்காகவே இவ்வகைப் படங்களில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கதைக்கு மூலமான நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. அகிடா மாகாணத்தின் ஓடாதே பகுதியில் 1923இல் பிறந்த ஹாச்சிகோ என்ற நாயை, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பேராசிரியர் ஹிதேசபுரோ உவேனோ வளர்த்தார். 1925 மே மாதம் அவர் திடீரென்று காலமான பிறகும், 1935 மார்ச் 8ஆம் தேதி தான் இறக்கும் வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்த நாய் அவர் வேலையிலிருந்து திரும்பி வருவார் என்று எதிர்பார்த்து டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. படம் இதை அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இடம் மாற்றி, ரிச்சர்ட் கியரை இசைப் பேராசிரியராக்குகிறது. ஜப்பானியக் கதை அமெரிக்காவுக்குப் போனால் அதன் தன்மை கெட்டுவிடாதா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் ரயில், வேலை, வீடு என்று ஒரே தடத்தில் ஓடும் வாழ்க்கை எந்த ஊருக்கும் பொதுவானதுதான் என்பதால், இடமாற்றம் கதையின் உயிரைத் தொடவில்லை.

படத்தின் மிகச் சிறந்த பகுதி ஒரு பந்தைச் சுற்றி அமைந்திருக்கிறது. பேராசிரியர் பந்தை எறிகிறார். ஹாச்சி அசையாமல் அவரைப் பார்க்கிறது. அவரே தவழ்ந்து போய், பந்தை வாயில் கவ்விக் காட்டிக் கற்றுக்கொடுக்க முயல்கிறார், அப்போதும் பயனில்லை. வெறுமனே எசமானை மகிழ்விப்பதற்காக அகிடா இன நாய் பந்தை எடுத்து வராது, அதற்குத் தனிக் காரணம் வேண்டும் என்று அவருடைய ஜப்பானிய நண்பர் விளக்குகிறார். பிறகு ஒரு நாள் காலை, வழக்கத்துக்கு மாறாக உடன் வர மறுத்து அடம்பிடிக்கும் ஹாச்சி, பந்தைக் கவ்விக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடி வருகிறது. அவர் எறிய எறிய எடுத்து வந்து கொடுக்கிறது. அவருக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. அன்றைக்குத்தான் வகுப்பறையில் அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போதே அவர் சரிந்து விழுந்து இறக்கிறார். நாய்க்கு முன்பே தெரிந்ததா என்று ஒருவரும் வாய் திறந்து கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நம்மிடமே விட்டுவிட்ட இயக்குநரின் நிதானத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஹாச்சியின் பார்வையில் விரியும் காட்சிகள் நிறம் வெளிறி, நிலத்துக்கு மிக அருகிலிருந்து படமாக்கப்பட்டிருக்கின்றன. ஜான் ஏ. பி. காஸ்மாரெக்கின் பியானோ இசை ஓரிரு இடங்களில் நம் கண்ணீரை வலிந்து கேட்டாலும், பெரும்பகுதியில் அளவோடு ஒலிக்கிறது. மகள் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்ற ஹாச்சி தப்பி ஓடி, மீண்டும் பிடிபட்டு வந்த பிறகு, அதன் மனத்தை அறிந்துகொண்ட அவளே வெளிக்கதவைத் திறந்துவிடும் காட்சி, எனக்கு இறுதிக் காட்சியைவிடவும் ஆழமாகப் பட்டது. நாயைத் தன்னோடு வைத்துக்கொள்வதைவிட அதன் போக்கில் விடுவது கடினம் என்பதை, நாய் வளர்த்தவர்கள் அங்கே உணர்வார்கள்.

எனக்குள்ள மனக்குறை வேறு. இப்படத்தில் ரயில் நிலையத்தார் அனைவரும் நல்லவர்கள். தின்பண்டம் விற்பவர் உணவு தருகிறார், நிலைய அதிகாரி கனிவோடு பேசுகிறார். உண்மையான ஹாச்சிகோவுக்கு அந்த ஆதரவு தொடக்கத்தில் கிடைக்கவில்லை. 1932இல் ஆசாஹி நாளிதழில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவரும் வரை, நிலையத்தில் பலர் அதை ஒரு தொல்லையாகவே கருதி விரட்டினார்கள். இந்தக் கசப்பைத் தெரிந்துகொள்ள, செய்ஜிரோ கோயாமா இயக்கி, தத்சுயா நகாதாய் பேராசிரியராக நடித்த 1987ஆம் ஆண்டு ஜப்பானியப் படமான ‘ஹாச்சிகோ மோனோகதாரி’யைப் பார்க்க வேண்டும். பேராசிரியரின் மறைவுக்குப் பின் குடும்பம் கலைவதும், நாய் கைமாறிக் கைமாறிக் கடைசியில் தெருநாயாவதும் அதில் ஒளிவுமறைவில்லாமல் காட்டப்படுகின்றன. விசுவாசத்தைப் போற்றும் மனிதர்களே அந்த விசுவாசத்துக்குரிய நாயைப் பட்டினி போட்டார்கள் என்பதையும் சொன்னால்தான் இக்கதை முழுமையாகும். அமெரிக்கப் படம் அந்த இடத்தில் தயங்கி நின்றுவிட்டது. பேரன் பள்ளிக்கூடத்தில் கதை சொல்வதாக வரும் தொடக்கமும் முடிவும்கூட அவசியமற்றவை.

ஒன்றரை மணி நேரமே ஓடும் 2009ஆம் ஆண்டுப் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். வளர்த்த நாயை அண்மையில் இழந்த வீடுகளில் மட்டும் சில மாதங்கள் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது. ஜப்பானியப் படத்தை அதற்குப் பிறகு, பெரியவர்கள் தனியாகப் பாருங்கள்.